குடித்த மரங்களும் குடியிருப்போர் சங்கமும்

1

இந்தக் கதை எனக்குள் உதிக்கவில்லை. கதை தமக்குள் உதித்ததாகச் சொல்லும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். மேடையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். எனக்கு இது அழைப்புமணி அடித்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்தால் முதல் மாடிப் பூச்சி மேடம், கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மரத்துண்டோடு நின்றிருந்தார்.

“நீங்க எழுதறவராமே?”

“ஏதோ எழுதறேங்க.”

“அப்ப இதை எழுதுங்க” என்று துண்டை என் கையில் திணித்தார். வெட்டுவாயில் கறுப்புக் கறுப்பாக ஊசித் துளைகள். “ஒரே ஒரு விஷயம். இந்த வண்டையும் பூஞ்சையையும் சாக்கா வெச்சு என் குடும்பத்தைப் பத்தி எழுதக் கூடாது. குடும்பத்தைப் பத்தி எழுதணும்னா நேராவே எழுதிக்கோங்க. எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. வண்டைப் பத்தி எழுதினா வண்டைப் பத்தி மட்டும் எழுதுங்க.”

தலையாட்டினேன். ஆட்டும்போதே முதல் உவமை முளைத்துவிட்டது. (பழக்கம். எதைப் பார்த்தாலும் அது வேறொன்றாகவே தெரிகிறது. இதை விமர்சகர்கள் ‘பார்வை’ என்கிறார்கள். கண் மருத்துவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

“மரத்துக்குள் ஒரு நகரம் இருந்தது. அந்த நகரத்துக்கு ஒரு ராணி—” வேண்டாம். குழந்தைகள் மலர்.

“அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது—” தூறவில்லை. என் கதைகளில் மட்டும்தான் எப்போதும் தூறும்.

“மனிதன் இயற்கையின் மீது தொடுத்த போரில்—” இப்படித் தொடங்கினால் பரிசு நிச்சயம். படிக்க மட்டும் ஆள் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேடத்தை மரியாதையாக ‘அவர்’ என்று எழுதினால், கணவரும் ‘அவர்’, சங்கத் தலைவரும் ‘அவர்’, யார் எந்த அவர் என்று உங்களுக்குத் தலை சுற்றும். ஆகையால் நடந்ததைச் சொல்லும்போது அவரை ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். என்னிடம் பேசும் இடங்களில் மட்டும் ‘அவர்’. அனுமதி கேட்டேன். “தாராளமா எழுதுங்க. சங்கத்துல இதைவிட நல்ல வார்த்தையா சொல்லிட்டாங்க?” என்றார்.

3

அவள் பூச்சி ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவள். மரம் துளைக்கும் வண்டுகள் அவளுடைய துறை. எங்கள் குடியிருப்பில் இது யாருக்கும் புரிந்ததில்லை. எந்த வீட்டில் கரப்பான் தென்பட்டாலும், “மேடம், உங்க ஆளுங்க வந்திருக்காங்க” என்று ஃபோன் செய்வார்கள். செய்துவிட்டுச் சிரிப்பார்கள். பல வருடமாக ஒரே நகைச்சுவை. அது தேய்ந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

அவளுடைய கணவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எதற்கு அதிகாரி என்பது யாருக்கும் நினைவில்லை. ஆள் ஓய்வுபெற்றும் குரல் மட்டும் பணியில் நீடித்தது. நான் வாடகைக்கு இருப்பவன். சங்கக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. கதை எழுத இதைவிட நல்ல இடம் அமையாது.

நடைபாதையின் இரண்டு பக்கமும் பெரிய வாகை மரங்கள். தலைவர் பதவிக்கு வந்ததும் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வட்டமாகத் தொட்டி கட்டினார், மேலே கிரானைட் பதித்தார், சொட்டுநீர்க் குழாய் இழுத்தார். சொட்டு என்பது பேச்சுக்குத்தான். குழாய் நாள் முழுக்க ஓடியது. தொட்டியில் தண்ணீர் தளும்பி நிற்பது பார்க்கக் குளுமையாக இருந்ததால் யாரும் மூடவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, ஒரு வாகையின் பட்டையில் பல்குத்தும் குச்சிகள் செருகியது போல என்னவோ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது. மாவு போன்ற மரத்தூள். உள்ளேயிருந்து துளைப்பவர் வெளியே தள்ளிய கழிவு. புத்தகத்திலும் வெளிநாட்டுப் படங்களிலும் மட்டுமே அவள் பார்த்திருந்த குச்சி. தோளில் சாப்பாட்டுப் பையோடு அங்கேயே நின்றாள்.

“முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு” என்றார் என்னிடம். “அதையும் எழுதுங்க. இங்கே வந்து சேர்ந்துருச்சான்னு ஒரு சந்தோஷம். பயம் அப்புறம்தான் வந்துச்சு.”

4

பாடம் நடத்த வேண்டிய இடம் இது. பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். சங்கமும் அதைத்தான் செய்தது.

அந்த வண்டு எள்ளைவிடச் சற்றுப் பெரிது. கப்பலில் வரும் சரக்குப் பெட்டிகளின் மரத்துக்குள் ஒளிந்து நாடு நாடாகப் போகும் இனம். (தலைவரின் கிரானைட் பலகைகளும் மரப்பெட்டிகளில்தான் வந்தன. அதிலிருந்தா வந்தது என்று மேடத்திடம் ஆவலோடு கேட்டேன். “தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்று என் கதையின் வயிற்றில் அடித்தார்.) அது மரத்தைத் துளைக்கும், ஆனால் தின்னாது. வாயோரத்தில் ஒரு சின்னப் பை. அதில் பூஞ்சையை விதை போல எடுத்துவந்து, துளைத்த சுரங்கத்தின் சுவரில் பயிர்வைக்கும். புழுக்கள் அந்தப் பூஞ்சையை மேய்ந்து வளரும். பூஞ்சை மரத்துக்குள் பரவி, தண்ணீர் ஏறும் வழிகளை அடைக்கும். மரம் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும்.

எந்த மரம் என்று வண்டு எப்படித் தேர்ந்தெடுக்கிறது? இங்கேதான் அவளுடைய பத்து வருட வேலை இருக்கிறது. வேர் நீரில் மூழ்கினால் மரத்துக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய மரத்துக்குள் சாராயம் ஊறும். சாராயம் ஊறிய மரத்தில் வேண்டாத பூசணங்கள் தலையெடுக்காது. இந்தப் பூஞ்சை மட்டும் செழிக்கும். அதனால் வண்டு சாராய வாடை எங்கே என்று மோப்பம் பிடித்துப் போகிறது. வேறு பூசணத்தின் வாடை வந்தால் விலகுகிறது. தன் பூஞ்சையின் வாடை வந்தால் நெருங்குகிறது.

“அப்ப வண்டை ஓட்டறது பூஞ்சைதான்” என்றேன். “எஜமான் மாதிரி.”

“மாதிரி வேணாம்.”

“சரி, பூஞ்சை உத்தரவு போடுது.”

“உத்தரவும் இல்லீங்க. அதுக்கு வாய் ஏது? அந்த வாடை பக்கம் போன வண்டுங்களுக்குப் பயிர் விளைஞ்சுது, பிள்ளைங்க பிழைச்சுது. போகாததுங்க வம்சமே இல்ல. யாரும் யாரையும் ஓட்டல. ஆனா பூஞ்சைக்கு எது ஆகுமோ அதுதான் வண்டுக்குப் பிடிக்குது. இது போதாதா? இதுக்கு மேல ஒரு கதை வேணுமா உங்களுக்கு?”

வேண்டும் என்பதுதான் என் தொழில். அதை அவரிடம் சொல்லவில்லை.

5

அவள் செயலாளரிடம் சொன்னாள். செயலாளர் தலைவரிடம் சொன்னார். தலைவர் இணையத்தில் தேடினார். தேடி, சாராயம் ஊற்றித் தொங்கவிடும் பொறிப் புட்டிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மரத்திலும் ஒன்று கட்டினார். ‘பசுமைக் காவல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் தலைவராவதில் வியப்பில்லை.

மறுவாரம் அவர் ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அடியில் கறுப்பாக வண்டுகள்.

“பாத்தீங்களா மேடம், எத்தனை மாட்டியிருக்குன்னு.”

“சார், இது நீங்க வெச்ச வாடைக்கு வந்தது. இல்லாட்டி இங்க வந்தே இருக்காது. வந்ததுல புட்டிக்குள்ள விழறது கொஞ்சம்தான். மீதி பக்கத்து மரத்துல உக்காரும். எண்ணிக்கை பாக்கத் தூரமா, மரமே இல்லாத இடத்துல வைக்கலாம். மரத்துலயே கட்டினா விருந்து வெச்சுக் கூப்பிடற மாதிரி.” (ஆம், இங்கே மேடமே ‘மாதிரி’ சொன்னார். சுட்டிக்காட்டினேன். முறைத்தார்.) “புட்டியை எடுத்துருங்க. தண்ணியை நிறுத்துங்க. துளை நிறைய இருக்கற மரத்தை வெட்டித் தூளாக்கி, தார்ப்பாய் போட்டு மூடணும். இல்லேன்னா ஊருக்கே பரவும்.”

“வெட்டணுமா?” தலைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். “பூச்சி மேல இருக்கற பாசம் மேடத்துக்கு மரத்து மேல இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார், சின்னதாக, உதட்டோரத்தில்.

அவள் தன் வீட்டுக்கு முன்னால் இருந்த வரிசையில் மட்டும் புட்டிகளை அவிழ்த்தாள், வால்வைத் திருகி மூடினாள். அந்த வரிசையில் புதுத் துளைகள் வெகுவாகக் குறைந்தன. தலைவரை அழைத்துக் காட்டினாள்.

“அதுதான் மேடம்” என்றார் அவர் பெருமையோடு. “எல்லாம் எங்க பக்கத்துப் புட்டியில மாட்டிக்கிட்டதாலதான் உங்க பக்கம் வரல.”

(இந்த வாக்கியத்தை நான் கற்பனை செய்ததாகச் சில வாசகர்கள் நினைக்கலாம். எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

6

இனி சமையலறை.

“எங்க ஆபீஸ்ல சொல்லிடப் போறேன்” என்றாள் அவள். “இது வெளிநாட்டு வண்டு. பாத்தா சொல்லியே ஆகணும். என் வேலையே அதுதான்.”

செயலாளர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார். “சொன்னா என்ன ஆகும்?”

“வந்து பாப்பாங்க. வெட்டுவாங்க.”

“ஆண்டு விழா முடியட்டும்மா. மரத்துல எல்லாம் விளக்கு போடறதா இருக்கு. நான் செயலாளரா இருந்துக்கிட்டு என் வீட்லேர்ந்தே புகார் போச்சுன்னா எப்படி இருக்கும்? ஒரு மாசம்தானே.”

“ஒரு மாசத்துல அது ரோடு தாண்டிடும்ங்க.”

“மரம்தானே. நான் உன்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. அதுதான் அவளை மடக்கியது. காத்திருந்தாள். விளக்கு போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள், தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மாதத்துக்குள் எதிர்ச்சாரியில் பள்ளிக்கூட வாசலில் நின்ற பெரிய நிழல்மரத்தின் பட்டையில் வெள்ளைக் குச்சிகள் முளைத்துவிட்டன. பார்த்துவிட்டு வந்தவள் அன்று சாப்பிடவில்லை.

“அதை அவர் மேல போடாதீங்க” என்றார் என்னிடம். “காத்திருந்தது நான். தெரிஞ்சவ நான்தான்.”

7

செயலாளரை வில்லனாக்க நான் படாதபாடு பட்டேன். ஒரு வரைவில் அவருக்கு மீசை வைத்தேன். இன்னொன்றில் கிரானைட் வாங்கியதில் பங்கு வாங்க வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. மனிதர் நல்லவர். மனைவிக்குத் தினமும் சாப்பாடு கட்டிக்கொடுப்பவர். அவளுடைய ஆய்வுக்கூட அங்கியைத் தானே இஸ்திரி போடுபவர். யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் அவருக்குக் கை நடுங்கும். குரல் உயராமலிருக்க எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்துவிடுவார். தன்னுடையதையும், பிறருடையதையும்.

கெட்டவனை வைத்து யாரும் கதை எழுதிவிடலாம். இப்படிப்பட்ட நல்லவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

8

ஆண்டு விழா முடிந்த மறுநாளே சங்கத்தின் அவசரக் கூட்டம். வாகைகளின் மேல்கிளைகள் காய ஆரம்பித்திருந்தன. ஒரு கிளை முறிந்து குழந்தைகள் விளையாடும் சறுக்குமரத்தின் மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது அங்கே யாருமில்லை.

(இந்த இடத்தில் ஒரு காட்சி எழுதி வைத்திருந்தேன். கூட்டத்துக்கு முன்னால் தலைவர் ‘கொஞ்சம்’ எடுத்துக்கொண்டு வருகிறார். மேடம் கண்ணாடிக் குடுவையைத் திறக்கிறார். வண்டுகள் பறந்து, சாராய வாடை பிடித்து, நேராகத் தலைவரின் சட்டைமேல் போய் உட்காருகின்றன. சபை சிரிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி. மேடம் படித்துவிட்டு, “அவர் குடிக்க மாட்டாருங்க. அது ஒண்ணுதான் அவர்கிட்ட நல்லது. அதையும் பிடுங்கணுமா?” என்றார். கிழித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். அவள் முறிந்த கிளையைப் பிளந்து எடுத்து வந்திருந்தாள். கறுத்த சுரங்கங்கள், உள்ளே வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை, அதை மேயும் புழுக்கள். மேசைமேல் வைத்து விளக்கினாள். தண்ணீர், சாராயம், வாடை, பூஞ்சை, ஒவ்வொன்றாக. நன்றாகவே விளக்கினாள். அதுதான் தப்பாகப் போயிற்று. நாலாம் மாடியில் இருக்கும் ஒரு பெண்மணி எழுந்து, மிகவும் வருத்தத்தோடு கேட்டார்:

“தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். இதைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தான். உங்க ஆபீஸ்லயும் இதே பூச்சியைத்தான் வளர்க்கறீங்க. துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம் இல்லையா?”

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு முன்வரிசையில் இருந்தவர், “நானும் அதான் நினைச்சேன்” என்றார். அவர் அந்த நிமிடம் வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தவர்.

“எங்க நிலையத்துல இந்த வண்டு கிடையாது” என்றாள் அவள். “வேற இனம்தான் இருக்கு. அதுவும் மூணு கதவுக்கு உள்ள.”

“அப்படித்தான் சொல்வாங்க” என்று யாரோ சொன்னார்கள். யாரென்று தெரியவில்லை. இந்த வாக்கியத்தை எப்போதும் யாரோதான் சொல்கிறார்கள்.

தலைவர் கையை உயர்த்தினார். “செயலாளர் என்ன சொல்றார்? அவரு வீட்டு விஷயம். அவருக்குத் தெரியாம இருக்காது.”

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். தினமும் அவளுடைய அங்கியைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுகிற மனிதர். நிலையத்தில் அந்த வண்டு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அது இல்லையே என்று அவள் வருடக்கணக்கில் அங்கலாய்த்ததைக் கேட்டவர். ஒரு வார்த்தை போதும்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். கையைப் பார்த்தார்.

“விசாரிச்சுப் பாக்கலாம்” என்றார்.

அவள் கிளையைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு இடையே வழி விடச் சொல்லி வெளியே போனாள். அங்கிருந்தே, தொட்டியின் கிரானைட் விளிம்பில் உட்கார்ந்து, தன் நிலையத்துக்குத் தகவல் சொன்னாள்.

9

அதிகாரிகள் வந்தார்கள். பார்த்தார்கள். முதலில் வெட்டியிருந்தால் சில மரங்களோடு போயிருக்கும். இப்போது மொத்தத்தையும் வெட்ட வேண்டும் என்றார்கள். வெட்டினார்கள். பள்ளிக்கூட வாசல் மரத்தையும் சேர்த்து. இயந்திரம் மரத்தை உள்ளே இழுத்துத் தூளாகத் துப்பியது. தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நடைபாதையில் வெயில் இறங்கியபோதுதான் எங்கள் கட்டடம் இவ்வளவு அசிங்கமானது என்பதே எல்லோருக்கும் தெரிந்தது.

தலைவர் புது மரக்கன்றுகள் நட்டார். அதே தொட்டியில், அதே குழாயோடு. படம் எடுத்துக்கொண்டார். பூச்சி மேடத்துக்கு வாசலில் வணக்கம் சொல்கிறவர்கள் குறைந்தார்கள். நாலாம் மாடிப் பெண்மணி மட்டும் பரிவோடு, “நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்” என்றார்.

10

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது: செயலாளர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லி, பதவியை ராஜினாமா செய்கிறார். கைதட்டல். (எழுதும்போதே எனக்குக் கூசியது. யார் கைதட்டினார்கள்? முன்வரிசையில் தூங்குகிறவரா?)

இரண்டாவது: அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். பதிப்பாளர்களுக்குப் பிடிக்கும். “எங்க போறேன்?” என்று கேட்டார் மேடம். “வீட்டுக் கடன் என் பேர்லயும்தான் இருக்கு.”

மூன்றாவது: அவள் இருட்டில் நின்று யோசிக்கிறாள், ஒரு பூஞ்சையின் விருப்பத்தைத் தன் விருப்பமென்று எண்ணிப் பறக்கும் ஒரு வண்டைப் போலத் தன் கணவரும் ஒரு கும்பலின்— இதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லி அல்ல. கூட்டத்தில் அந்த மனிதர் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தவன். வண்டுக்கு அப்படிக் கையைப் பார்க்கும் வேலையெல்லாம் கிடையாது. வண்டுக்கு வேறு வழியில்லை. அவருக்கு இருந்தது.

11

மரமெல்லாம் போன பிறகு, ஒரு மாலை, இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். அவர் கையில் காய்கறிப் பை. அவள் கையில் அலுவலகப் பை. அவர்கள் வீடு முதல் மாடிதான். பை கனமாக இருந்ததால் லிஃப்ட். நானும் உள்ளே இருந்தேன், மூலையில், ஃபோனைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு.

“நீ சொன்னதுதான் சரி” என்றார் செயலாளர், கதவைப் பார்த்தபடி, மெதுவாக.

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவர் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முகம் கொஞ்சம் இளகியதென்றுதான் நினைக்கிறேன். பக்கவாட்டில் இருந்து அவ்வளவுதான் தெரிந்தது.

“இதைக் கூட்டத்துல சொல்வீங்களா?”

அவர் நிஜமாகவே யோசித்தார். அந்தப் பெருந்தன்மையை மறுக்க முடியாது.

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்” என்றார். “இப்பதான் மரமே இல்லையே.”

கதவு திறந்தது. அவர் இறங்கி, பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் வரட்டும் என்று கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், சொன்னேனே.

அவள் இறங்கவில்லை. உடனே இறங்கவில்லை என்பது வரைக்கும் நான் சாட்சி சொல்வேன். பிறகு என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும், அங்கேயேதான் நின்றிருந்தேன். ஆனால் நான் எப்படி எழுதினாலும், “பாவம், அவரும் என்ன செய்வார்” என்று சொல்ல உங்களில் ஒருவர் தயாராக இருப்பார். இன்னொருவர் விசாரித்துப் பார்க்கலாம் என்பார். ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதிக நேரம் பிடித்தால் லிஃப்ட் கத்த ஆரம்பிக்கும், சத்தம் அவருக்கு ஆகாது. சீக்கிரம்.